சாவியக்கா காட்டிய வீடுகள்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் தெருவில் வாடகைக்கு வீடு வேண்டுமென்றால் புரோக்கரைத் தேட வேண்டியதில்லை. சாவியக்காவைக் கேட்டால் போதும். லைன் வீட்டின் முதல் போர்ஷனில் அவள் குடியிருந்தாள். காலியாகக் கிடக்கும் போர்ஷன்களின் சாவிகள் அவள் இடுப்பில் தொங்கும். ஓனர் உளுந்தூர்பேட்டையில் ஹைவே ஓரமாக ஓட்டல் வைத்திருந்தார். மாதம் ஒருமுறை வந்து வாடகையை வாங்கிக்கொண்டு போவதோடு சரி. பூட்டு, குழாய், அடைத்துக்கொள்ளும் சாக்கடை, யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்பதெல்லாம் அக்காவின் பொறுப்பு. அதற்கென்று அவர் எதுவும் கொடுத்ததில்லை. அவளும் கேட்டதில்லை.

வீடு காட்டுவதில் அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. கதவைத் திறந்துவிட்டு உள்ளே வரமாட்டாள். வந்தவர்கள் தாங்களாகச் சுற்றிப் பார்க்கட்டும் என்று வெளியே நிற்பாள். அப்புறம் உள்ளே வந்து அந்த வீட்டின் குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். மழை வந்தால் எந்த மூலையில் சொட்டும், பக்கத்துப் போர்ஷன்காரர் எப்படிக் குறட்டை விடுவார், எந்த ஜன்னலுக்குக் கொக்கி இல்லை என்று எதையும் மறைக்கமாட்டாள். கடைசியாக அந்த வீட்டுக் குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் கொடுப்பாள்.

“குடிச்சிப் பாருங்க. நாளைக்கி இந்தத் தண்ணிலதான் நீங்க சோறாக்கணும்” என்பாள்.

எல்லாப் போர்ஷனுக்கும் ஒரே போர்வெல்தான். எந்தக் குழாயில் பிடித்தாலும் அதே தண்ணீர்தான் வரும். இதை நான் ஒருதரம் சொன்னபோது, “ஒன் வூட்டுத் தண்ணிய அவங்களுக்குக் குடுத்தா அது இன்னா வூடு காட்டுறது?” என்று என்னை முறைத்தாள். அதற்கு மேல் அவளிடம் நியாயம் பேச முடியாது.

எனக்கும் அப்படித்தான் அவள் வீடு காட்டினாள். நான் கரியாலூருக்கு மேலே உள்ள ஒரு மலைக் கிராமத்துப் பெண். கல்யாணம் ஆன புதிதில் என் வீட்டுக்காரருக்கு மூங்கில்துறைப்பட்டு ஆலையில் கரும்பு இறக்கும் வேலை கிடைத்தது. ஆலை ஓடாத மாதங்களில் டவுனில் கொத்தனாருக்குக் கையாள் வேலை. டவுனிலேயே இருந்தால் இரண்டுக்கும் வசதி என்று ஒரு பெட்டியையும் ஒரு பாயையும் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டோம். தெருத் தெருவாக வீடு கேட்டோம். “எந்த ஊரு?” என்பார்கள். மலை என்று சொன்னதும் வீடு காலியில்லாமல் போய்விடும். வாடகைக்கு விடப்படும் என்ற அட்டை எங்கள் கண் முன்னாலேயே ஆடிக்கொண்டிருக்கும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒரு வீட்டம்மாவிடம், “அப்ப இந்த அட்டய எதுக்கு மாட்டிக்கினு இருக்கீங்க, காத்து வாங்கவா?” என்று கேட்டுவிட்டு வந்தேன்.

சாவியக்காவும் எந்த ஊர் என்றுதான் கேட்டாள். சொன்னேன். அவள் முகம் மாறியது. இங்கேயும் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

“மலையா? அடிப்பாவி, ஊத்துத் தண்ணி குடிச்சி வளந்தவளுக்கு இந்தத் தண்ணி எப்டி ஒத்துக்கும்?” என்றாள்.

அவளுக்கு இருந்த ஒரே கவலை அதுதான். டம்ளரை வாங்கிக் குடித்தேன். உப்புக் கரித்தது. “நல்லாத்தாங்க்கா இருக்கு” என்றேன். பொய் என்று அவளுக்கும் தெரியும். சாவியைக் கழற்றிக் கையில் கொடுத்தாள். அவளுக்குப் பக்கத்துப் போர்ஷன். அங்கேதான் எனக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள், அங்கேதான் தையல் பழகினேன், அந்த உப்புத் தண்ணீரும் பழகிவிட்டது.

லைன் வீட்டுக்கு எதிரே புளி வியாபாரி பாயின் குடோன். கல்வராயன் மலைப் புளியெல்லாம் மாசி மாதம் பிறந்ததும் அங்கேதான் வந்து இறங்கும். தெருப் பெண்கள் எல்லோரும் உட்கார்ந்து புளியை உடைத்து, ஓடும் நாரும் கொட்டையும் எடுப்போம். ஆளுக்கொரு கல், ஆளுக்கொரு இடம். சீசன் முடிந்து குடோன் காலியானதும் பாய் அதைப் பூட்டமாட்டார். “பூட்டி வெச்சா எலிதான் ஓடும், ஒக்காந்து வேல பாருங்கம்மா” என்று சொல்லிவிட்டார். பாய் சொன்னதோ இல்லையோ, தெருவே அங்கே குடிபுகுந்தது. நான் தையல் மெஷினைக் கொண்டுபோய்ப் போட்டேன். மூன்றாவது போர்ஷனில் இருந்த பெண் பூக்கூடையோடு வந்து உட்கார்ந்தாள். மிக்ஸி ரிப்பேர்காரர் ஒரு மூலையைப் பிடித்தார். வேறொருத்தி அப்பளம் இடுவாள். தெருவில் கல்யாணம் என்றால் காய் நறுக்குவதும் அங்கேதான். யார் காலையில் முதலில் வருகிறார்களோ அவர்கள் பெருக்கித் தண்ணீர் தெளிக்க வேண்டும், அது ஒன்றுதான் அங்கே சட்டம். நான் ஒருநாளும் முதலில் போனதில்லை.

அந்தக் குடோனில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர் சாவியக்காவின் வீட்டுக்காரர். நான் மாமா என்று கூப்பிடுவேன். சர்க்கரை நோயில் அவருக்குப் பார்வை போய்விட்டது. மூட்டை தூக்க முடியாமல் போனதும் அதே குடோனில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எங்களோடு புளி எடுத்தார். புளி இல்லாத மாதங்களில் ஓட்டல்களுக்குப் பூண்டு உரித்துக் கொடுத்தார். யாருடைய கையையும் பிடிக்காமல் அவரே நடந்து வருவார். வாசலில் இறங்கி லைன் வீட்டுச் சுவரைக் கையால் தடவிக்கொண்டே போவார். சுவர் முடியும் இடத்தில் கரண்ட் கம்பம். அங்கே திரும்பினால் காலடியில் ஆடும் சாக்கடைக் கல் ஒன்று இருக்கும். அதற்கு நேரே குடோன் படி. டீக்கடைக்கும் அப்படியே போவார். பாங்கு சொல்லும் நேரத்துக்கு மசூதிச் சுவரோரம் போய் நின்று பாயோடு கொஞ்சம் பேசிவிட்டு வருவார்.

“வேற தெருவுல வுட்டா நான் குருடன்மா. இந்தத் தெருவுல நான் கண்ணு தெரியாத ஆளு, அவ்ளோதான்” என்று அவரே சொல்லுவார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். அக்கா சிரிக்கமாட்டாள்.

வருடங்கள் போயின. பாய்க்கு வயதாகிவிட்டது. பிள்ளைகள் புளி வியாபாரத்தை பைபாஸ் பக்கம் பெரிய குடோனுக்கு மாற்றினார்கள். லாரி அங்கேதான் சுலபமாகத் திரும்புமாம். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி, கலெக்டர் ஆபீஸ், எஸ்.பி. ஆபீஸ் என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த நேரம். எங்கள் குடோனை இடித்துவிட்டு லாட்ஜ் கட்டப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. லாட்ஜ் வந்தால் நம் பிழைப்பு என்ன ஆவது, மாமா எங்கே போய் உட்காருவார் என்று குடோனில் தினமும் அதையேதான் பேசினோம்.

அதைத் தடுத்தவள் பாயின் கடைசி மகள். மெட்ராஸில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவள், கொரோனா சமயத்தில் லேப்டாப்போடு ஊருக்கு வந்துவிட்டாள். வீட்டில் இடமில்லை, சத்தம் வேறு. குடோனில் எங்களுக்கு நடுவே ஒரு டேபிளைப் போட்டு உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து அவளைப் போல ஊர் திரும்பிய இன்னும் சில பிள்ளைகள் வந்தார்கள். ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகன் மூங்கில்துறைப்பட்டிலிருந்து தினம் பஸ்ஸில் வருவான். என் மெஷின் சத்தத்தில் அவர்கள் வேலை பார்த்தார்கள். அவர்களுக்கு நாங்கள் சோறு கொடுத்தோம், அவர்கள் எங்கள் போனைச் சரிபண்ணிக் கொடுத்தார்கள். சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த மாதங்கள்தான் அந்தக் குடோனின் நல்ல மாதங்கள்.

ஒருநாள் அவள் எல்லோரையும் கூட்டிவைத்துப் பேசினாள். “அத்தா கிட்ட சொல்லிட்டேன், விக்க வாணாம்னு. இத நான் எடுத்துச் செய்யப்போறேன். வேல பாக்குற யாரு வேணா வந்து ஒக்காரலாம். ஒரு பக்கம் லேப்டாப், ஒரு பக்கம் மெஷின். ஒங்க எடம் ஒங்களுக்குத்தாங்க்கா” என்றாள்.

எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. லாட்ஜ் போய்விட்டது, குடோன் நமக்கே கிடைத்துவிட்டது என்று குதித்தோம். அவள் உள்ளே தரை போட்டாள், டாய்லெட் கட்டினாள், வாசலுக்குக் கண்ணாடிக் கதவு வைத்தாள். நாங்கள் சும்மா இருப்போமா? வெளியூர்ப் பிள்ளைகள் வரும் இடம் நன்றாக இருக்க வேண்டாமா என்று தெருவை நாங்கள் எடுத்துக்கொண்டோம். லைன் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். ஆடு கட்டுவதை நிறுத்தினோம். குப்பை கொட்டுகிறவர்களோடு சண்டை போட்டோம், அந்த வேலை எனக்கு. சாவியக்கா நகராட்சிக்கு நடையாய் நடந்து தெருவுக்கு சிமெண்ட் கல் பதிக்க வைத்தாள். கல் பதித்த மறுநாள் மாமா கம்பத்தில் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். காலால் துழாவினார். ஆடும் சாக்கடைக் கல்லை எடுத்துவிட்டு வழவழவென்று மூடியிருந்தார்கள்.

“இன்னாம்மே இது, எல்லாம் ஒண்ணாவே கீது” என்றார்.

அக்கா ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். “பழகிடும்யா” என்றாள். ஒரு வாரத்தில் பழகிக்கொண்டார்.

ஹால் பேரெடுத்தது. நாங்களும் அதைக் குடோன் என்று சொல்வதை விட்டு ஹால் என்று சொல்லப் பழகிவிட்டோம். சங்கராபுரம், சின்னசேலம், தியாகதுருகம் என்று எங்கிருந்தெல்லாமோ பிள்ளைகள் வந்தார்கள். தினம் பஸ்ஸில் வந்து போவது கஷ்டம், பக்கத்தில் வீடு கிடைக்குமா என்று கேட்டார்கள். யாரைக் கேட்பார்கள்? சாவியக்காவைத்தான். அவளுக்கு அது தலைமேல் வைத்த கிரீடம் மாதிரி. இடுப்புச் சாவியைக் குலுக்கிக்கொண்டு முன்னால் நடப்பாள். திறந்துவிடுவாள், வெளியே நிற்பாள், குறை சொல்லுவாள், தண்ணீர் கொடுப்பாள். பிறகு ஓனருக்குப் போன் போடுவாள். அவள் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசும்.

“நல்ல பசங்கங்க. கம்ப்யூட்டர்ல வேல. பீடி, குடி எதுவும் கெடயாது. நீங்க கேட்டதக் குடுப்பாங்க” என்பாள்.

கடைசியாகச் சொன்ன அந்த வார்த்தையை ஓனர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். முதலில் காலியாகும் போர்ஷன்களுக்கு மட்டும் வாடகையை ஏற்றினார். பிறகு இருக்கிறவர்களுக்கும் ஏற்றினார். கொடுக்க முடியாதவர்கள் காலி செய்தார்கள். பூக்காரப் பெண் அழுதுகொண்டே சாமானை ஏற்றினாள். மிக்ஸி ரிப்பேர்காரர் யாரிடமும் சொல்லாமலே போய்விட்டார். அவர்கள் திருப்பிக் கொடுத்த சாவி அக்காவின் இடுப்புக்கு வரும், இரண்டு நாள்கூடத் தங்காமல் ஒரு லேப்டாப் பையன் கைக்குப் போகும்.

எனக்குப் பொறுக்கவில்லை. “ஏன்க்கா அந்தாளு கிட்ட கேட்டதக் குடுப்பாங்க, கேட்டதக் குடுப்பாங்கன்னு தூபம் போடுறீங்க? நம்ம சனத்த நீங்களே வெளிய தள்ளுறீங்க” என்று ஒருநாள் கத்திவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. அதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது. அரிசி புடைத்துக்கொண்டே மெல்லச் சொன்னாள்.

“எனக்கும் தெரியும்டி. நல்ல ஆளுங்களா பாத்துப் பாத்து வெச்சிக் குடுத்தா, ஓனரு என்ன மறக்கமாட்டாரு. இவருக்கு இந்த வூடு சாவற வரைக்கும் வோணும். வேற எங்க கொண்டுபோயி வுடுவேன் இவர? அதுக்குத்தான் இத்தினி ஓட்டமும்.”

ஓனருக்கு விசுவாசமாக இருந்தால் ஓனர் நம்மைக் காப்பாற்றுவார் என்று நம்பித்தான் எங்கள் லைன் வீட்டில் எல்லோருமே வாழ்ந்தோம். நானே அவர் வீட்டு விசேஷத்துக்குக் கூலி வாங்காமல் பிளவுஸ் தைத்துக் கொடுத்திருக்கிறேன். அக்கா அந்த நம்பிக்கையை எங்கள் எல்லோரையும்விட முழுசாக வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

ஹாலுக்குள்ளும் எங்கள் இடம் சுருங்கிக்கொண்டே வந்தது. லேப்டாப் பிள்ளைகள் மீட்டிங் பேசும்போது மெஷின் சத்தம் கேட்கிறதாம். எங்களைப் பின்பக்கம் நகர்த்தினார்கள். பிறகு காலையில் மட்டும் தைத்தால் போதும் என்றார்கள். பிறகு பின்பக்கம் மீட்டிங் ரூம் ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் பாய் மகள் நேரில் வந்து, கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள்மேல் கோபப்படவும் முடியவில்லை. அண்ணன்மார்கள் வேறு, மொத்த இடத்தையும் ஒரு கம்பெனிக்கு விட்டால் என்ன என்று அவளை நெருக்கிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் நான் மெஷினைத் தூக்கிவந்து என் வீட்டு வாசலில் போட்டேன்.

மாமாவிடம் சத்தமில்லை. அதனால் அவர் தூணோரத்திலேயே இருந்தார். பூண்டு உரிப்பார். ஆனால் ஏசி போட்ட பிறகு பூண்டு வாடை அடைந்து நின்றது. ஒரு பையன், மரியாதையான பையன்தான், அவர் பக்கத்தில் வந்து குனிந்து, “தாத்தா, கொஞ்சம் ஸ்மெல் வருது. வெளிய ஒக்காந்துக்கிறீங்களா?” என்று கேட்டானாம். மாமா உடனே எழுந்துவிட்டார். எங்களிடம் அதைச் சொல்லவில்லை. ஏசி ஒத்துக்கொள்ளவில்லை, சளி பிடிக்கிறது என்றுதான் சொன்னார். மறுநாளிலிருந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்து உரித்தார். பாய் மகள்தான் நடந்ததை என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அழுதாள்.

“நான் நெனச்சது இது இல்லக்கா.”

“நீ இன்னா நெனச்சன்னு யாரும்மா கேட்டது? அவரு வெளிய ஒக்காந்துக்கினு இருக்காரு” என்றேன். அவள் முகம் செத்துப்போயிற்று. நான் சொன்னதை நான் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் எடுத்துக்கொள்ளமாட்டேன். ஆனால் அந்தப் பெண் கெட்டவள் இல்லை. லாட்ஜ் வந்திருந்தால் நாங்கள் இன்னும் சீக்கிரம் போயிருப்போம். அதுவும் எனக்குத் தெரியும்.

ஆடி மாதத்தில் ஒரு காலை. வாசலில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஓனர் போன் வந்தது. வழக்கம்போல் ஸ்பீக்கரில் போட்டாள்.

“சாயந்திரம் ரெண்டு பேரு வருவாங்க. புருஷன் பொண்டாட்டி. வூட்டக் காட்டும்மா.”

“எந்த வூடுங்க? எதுவுமே காலி இல்லியே. எல்லாத்துலயும் ஆளு இருக்காங்களே.”

ஓட்டலில் யாரோ பரோட்டா தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

“மொத போர்ஷன்மா. அதான் ரோட்டப் பாத்தாப்புல கொஞ்சம் பெருசா இருக்கு. அவங்க அதான் கேக்குறாங்க. ஒனக்குப் பின்னால சின்னதா எதுனா வந்தா நானே சொல்றேன், இன்னா?”

“சரிங்க” என்றாள் அக்கா.

போனை வைத்துவிட்டு மறுபடி கீரையை எடுத்தாள். ஆய்ந்து வைத்த கீரையையே திரும்ப ஆய்ந்தாள்.

“முடியாதுன்னு சொல்லுக்கா” என்றேன். “எங்க வூட்ட நாங்க காட்டமாட்டோம், நீயே வந்து காட்டுன்னு சொல்லு.”

“அவரு வந்து காட்டுனா சொட்டுறத சொல்லுவாரா?” என்றாள்.

மத்தியானம் அவள் வீட்டைப் பெருக்கினாள். பாத்திரங்களைத் தேய்த்து அடுக்கினாள். பார்க்க வருகிறவர்களுக்கு வீடு சுத்தமாக இருக்க வேண்டுமாம். மாமாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லுங்கள் என்று நான் கெஞ்சினேன். ராத்திரி சோறு தின்னுட்டுச் சொல்றேன் என்றாள்.

சாயந்திரம் அவர்கள் வந்தார்கள். சின்ன வயது. அந்தப் பெண் ஹாலுக்குப் புதிதாக வேலை பார்க்க வந்தவள், அவள் புருஷனுக்குக் கலெக்டர் ஆபீஸில் வேலை. நான் என் வாசலிலேயே நின்றேன். மாமா உள்ளே கட்டிலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அக்கா கதவை அகலத் திறந்துவிட்டு வெளியே வந்து நின்றாள், எப்போதும் நிற்பதுபோல. இடுப்புச் சாவியை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் சுற்றிப் பார்த்தார்கள். சுவரில் எங்கே டேபிள் போடலாம், எங்கே பிளக் பாயின்ட் வைக்கலாம் என்று மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். பிறகு அக்கா உள்ளே போனாள்.

“இந்த ஜன்னல்ல காத்து நல்லா வரும். மழ வந்தா அந்த மூலையில சொட்டும், ஒரு குண்டான் வெச்சிக்கிங்க. அடுப்படில கரண்ட் சுச்சி கொஞ்சம் அடிக்கும், செருப்பு போட்டுக்கினு தொடுங்க.”

“இங்க இருக்கறவங்க எப்ப காலி பண்றாங்க ஆன்ட்டி?” என்று அந்தப் பெண் கேட்டாள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அக்கா வீடு காட்டுகிறவள் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

“மாசக் கடசில போயிருவாங்கம்மா” என்றாள் அக்கா.

கட்டிலில் பூண்டு உரிக்கும் கை நின்றது. தன் வீட்டு ஜன்னலையும் தன் வீட்டு மூலையையும் தெரியாதவரா அவர்? கத்துவாரோ, அழுவாரோ என்று பயந்தேன். அவர் தொண்டையைச் செருமினார்.

“மழ காலத்துல கதவு எறுகிக்கும். அத சொன்னியா?”

“இல்லயா. மறந்துட்டேன்” என்றாள் அக்கா.

“கீழ கொஞ்சம் தூக்கித் தள்ளணும்மா. ஒத வெக்காதீங்க, ஒடஞ்சிரும்” என்று அவர்கள் நின்ற பக்கம் பார்த்துச் சொன்னார். பிறகு அக்காவிடம், “தண்ணி குடுத்தியா?” என்று கேட்டார்.

“தோ, குடுக்குறேன்.”

அக்கா அடுப்படிக் குழாயில் டம்ளரை நிரப்பிக்கொண்டு வந்து நீட்டினாள். அந்தப் பெண் சிரித்தாள். “தேங்ஸ் ஆன்ட்டி, பாட்டில் இருக்கு” என்று பையைத் தட்டிக் காட்டினாள். வீடு பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு அதை வாசலில் ஊற்றினாள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவ்வளவு அழுகை என் அப்பா செத்தபோதுகூட வரவில்லை.

மாதக் கடைசியில் ஒரு குட்டி யானை வண்டியில் சாமானை ஏற்றினார்கள். பாய் வந்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாய் மகள் கண்ணாடிக் கதவுக்குள்ளேயே நின்றாள், வெளியே வரவில்லை. அக்கா இடுப்பிலிருந்து சாவி வளையத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். வேண்டாம் என்றேன். ஓனர் வந்தால் சேர்த்துவிடச் சொல்லி அதை ஹாலில் கொடுத்துவிட்டு வந்தாள். மாமா வண்டி ஏறும் முன்னால் லைன் வீட்டுச் சுவரைத் தடவிக்கொண்டு கம்பம் வரைக்கும் ஒருதரம் தனியாக நடந்தார். யாரும் கூடப் போகவில்லை.

அடுத்த தை மாதம் நானும் கிளம்பினேன். டவுனில் எங்கும் கட்டுப்படியாகவில்லை. பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்டார்கள், நாங்கள் இருவர்தானே என்று கரியாலூருக்கே போய்விட்டோம். தையல் மெஷின் மலை ஏறியது. அங்கேயும் இப்போது அருவி பார்க்க வருகிறவர்களுக்காகத் தகர ஷீட்டில் அறைகள் கட்டுகிறார்கள். மலையில் இருந்துகொண்டே ஆபீஸ் வேலை பார்க்கலாம் என்று ஒரு போர்டு வைத்திருக்கிறார்கள். வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கே ஓடினாலும் பின்னாலேயே வருகிறது.

நூல் வாங்க டவுனுக்கு இறங்கியபோது ஒருதரம் அக்காவைப் பார்க்கப் போனேன். கச்சிராயபாளையம் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கரும்புக் காட்டுக்கு நடுவே போக வேண்டும். பிளாட் போட்ட இடம். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே காலி மனை. கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு சுவர்கூட அந்த ஊரில் இல்லை. புரோக்கர் காட்டின வீடு. மாமா உள்ளே கட்டிலில் இருந்தார். வந்ததிலிருந்து வெளியே இறங்கவே இல்லை என்றாள் அக்கா. கை மட்டும் பூண்டு உரித்துக்கொண்டிருந்தது. மெலிந்திருந்தார்.

நான் வாசலில் செருப்பை விட்டுவிட்டு நின்றேன். அக்கா உள்ளே போய் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

“குடிச்சிப் பாரு” என்றாள், பழக்கத்தில்.

மாமா தலையைத் தூக்கினார். “யாருக்கு வூடு காட்டிக்கினு இருக்க?”

அக்கா டம்ளரை என் கையில் வைத்தாள். “நமக்குத்தான்யா” என்றாள்.

“நமக்கா?” அவர் பூண்டைத் தட்டில் போட்டுவிட்டு யோசிப்பதுபோல் இருந்தார். “வாணாம்மே. தண்ணி சரியில்ல. வேற எதுனா காட்டு.”

அக்கா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள், வெகுநேரம் எடுக்கவில்லை. டம்ளர் என் கையில் இருந்தது. எங்கள் தெருத் தண்ணீரைவிட அதிகமாகக் கரித்தது. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.